முதலில் மூளை, பிறகு கம்ப்யூட்டர்!

சோழபுரத்திலும் சரி, ராஜபாளையத்திலும் சரி, போனில் சதுரங்கம் ஆடும் பிள்ளைகள் இன்று உண்டு. எதிரே ஆள் இல்லை. எந்திரம்தான் எதிரி!

"பையன் மூளைக்கு வேலை கொடுக்கிறான்" என்று பெற்றோருக்கு மகிழ்ச்சி. ஆனால், எந்தக் காயை நகர்த்தலாம் என்பதையும் அந்தப் போனே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. அப்புறம் மூளைக்கு என்ன வேலை?

20 கோடி கணக்கு

எந்திரம் கெட்டிக்காரன்தான். 1997-ம் ஆண்டு மே மாதம், நியூயார்க்கில் உலக சாம்பியன் காஸ்பரோவையே தோற்கடித்தது, 'டீப் புளூ' என்ற கம்ப்யூட்டர். "நான் இப்படிப் போனால் அவன் எப்படிப் போவான்?" என்று ஒரு வினாடிக்கு 20 கோடி நிலைகளை அது கணக்குப் போட்டது!

சீனர்களுக்குத் தனியாக ஒரு சதுரங்கம் உண்டு. பெயர், சியாங்சி. பலகையின் நடுவே ஓர் ஆறு! பீரங்கி என்றொரு காய். இடையில் ஒரு காய் இருந்தால்தான், அதைத் தாண்டிப்போய் எதிரியை வெட்டும். வேடிக்கையான பீரங்கி! அந்த ஆட்டத்தையும் கம்ப்யூட்டர் விட்டுவைக்கவில்லை. 2006-ல் பெய்ஜிங்கில், சீனாவின் சிறந்த ஆட்டக்காரர்கள் 5 பேரை எதிர்த்து ஆடி வென்றது.

இத்தனை கெட்டிக்கார எந்திரம் பக்கத்திலேயே இருந்தால், பிள்ளை எதற்காக யோசிப்பான்?

குகேஷ் கற்ற விதம்

சென்னைப் பிள்ளை குகேஷ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சீன வீரர் டிங் லிரனை வென்று உலக சாம்பியன் ஆனார். அப்போது வயது 18!

சிறுவனாக இருந்தபோது அவருக்குப் பயிற்சி தந்தவர் விஷ்ணு பிரசன்னா. கம்ப்யூட்டரிடம் விடை கேட்க அவர் விடவில்லை. "நீயே யோசி" என்பதே பாடம். அப்படிப் பழகித்தான் குகேஷ் 2019-ல், 12 வயதில், கிராண்ட் மாஸ்டர் ஆனார். கம்ப்யூட்டர் துணைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

எல்லோரும் குகேஷ் ஆக முடியாது. ஆனால், யோசிக்கும் பழக்கம் எல்லோருக்கும் வரும்.

வீட்டில் தாத்தா எதிரே உட்காரலாம். தாத்தாவுக்கு ஆடத் தெரியாதா? பேரன் சொல்லிக் கொடுக்கட்டும்!

கம்ப்யூட்டரே கூடாது என்பதல்ல. விசுவநாதன் ஆனந்த் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர். ஆட்டம் முடிந்த பிறகு, "எங்கே தவறினேன்?" என்று பிள்ளைகள் அதைக் கேட்கலாம். அதற்கு முன், தோற்ற காரணத்தைத் தாங்களே ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்.