மனு மாமாவின் மஞ்சப்பை

போன மாதம் டீக்கடையில் ஒரு பரீட்சை நடந்தது. எங்கள் ஆபீஸ் கேஷியர்தான் வாத்தியார்.

"அமெரிக்க ஜனாதிபதி யாரு?" சொன்னேன்.

"நம்ம கிரிக்கெட் டீம்ல விக்கெட் கீப்பர்?" மூன்று பேர் பெயரைச் சொன்னேன், ரிசர்வில் இருப்பவர் உட்பட.

"உன் வார்டு கவுன்சிலர் பேரு?"

நான் ஒரு முழு பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைந்திருந்தால் பதில் சொல்ல வேண்டாம் என்பது பள்ளிக்கூடத்திலேயே கற்ற வித்தை. கேஷியர் பஜ்ஜி முழுங்கும் வரை காத்திருந்தார். மனுஷனுக்குக் கணக்கில் மட்டும்தான் பொறுமை என்று நினைத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்விக்கு நூற்றுக்கு நூறு வாங்கக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார். என் தாய்மாமா. தபால் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். சொந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மகள் வீடு ராஜபாளையத்தில். இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆறு மாசம் இங்கே, ஆறு மாசம் அங்கே. இரண்டு நகராட்சிக்கும் சேர்த்து மனு எழுதியவர் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். ராஜபாளையத்தில் 42 வார்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் 33 வார்டு. எழுபத்தைந்து கவுன்சிலர் பெயரையும் வரிசையாக ஒப்பிப்பார். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மனு மாமா. வைத்தவன் நான்தான். அதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை, கொஞ்சம் இருக்கிறது.

(என் வீடு இந்த இரண்டு ஊரில் ஒன்றில், ஆபீஸ் இன்னொன்றில். எது எது என்று சொல்ல மாட்டேன். காரணம் பின்னால் வரும்.)

மாமாவிடம் போய் "அரசாங்கம் சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. உடனே குறுக்கு விசாரணை ஆரம்பித்துவிடும்.

"எந்த அரசாங்கம் மாப்ளே? தெரு லைட் எரியலையா, அது முனிசிபாலிட்டி. கரண்ட்டே இல்லையா, அது மின்வாரியம். முதியோர் பென்ஷனா, தாலுகா ஆபீஸ். ரேஷன் கார்டா, அதே காம்பவுண்டு, ஆனா வேற டேபிள். குடிதண்ணி, குப்பை, கொசு மருந்து, பிறப்பு, இறப்பு, சுடுகாடு... இதெல்லாம் முனிசிபாலிட்டி. பொறந்ததுல இருந்து போற வரைக்கும் அவன்தான் கூட வர்றான். அவனைத்தான் ஒருத்தனும் திரும்பிப் பாக்கறதில்லை."

1992ல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தத்தில் நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய வேலைகள் என்று பதினெட்டு ஐட்டம் போட்டிருக்கிறார்கள். பூங்கா, சாலை, தண்ணீர், சுகாதாரம், ஏழ்மை ஒழிப்பு, நலிந்தவர்களின் நலம், மயானம், மாட்டுப் பட்டி வரை எல்லாம் உண்டு. மாமா இந்தப் பதினெட்டையும் ஒரு போஸ்ட் கார்டில் பொடி எழுத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். மற்றவர்கள் ஆஞ்சநேயர் படம் வைத்திருப்பார்கள்.

போன வருஷம் மாமா காலமானார். ராஜபாளையத்தில், ஆஸ்பத்திரியில்.

அத்தைக்குக் குடும்ப பென்ஷன் வர வேண்டும் என்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். "நான் பாத்துக்கறேன் அத்தை" என்று வீரமாக லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அவர் அங்கே வரி கட்டியவர், அங்கே ஓட்டுப் போட்டவர், அங்கே அறுபது வருஷம் ஆண்டாள் தேர் பார்த்தவர். வேறு எங்கே போவேன்?

கவுன்ட்டரில் இருந்த பெண்மணி ஒரே கேள்விதான் கேட்டார். "எங்க சார் இறந்தாரு?"

"ராஜபாளையத்துல."

"அப்ப அங்கதான் பதிவு இருக்கும்."

1969ஆம் வருஷத்துச் சட்டம் அப்படி. எங்கே வாழ்ந்தார் என்பது கணக்கில்லை. எங்கே பிராணன் போனதோ அந்த ஊர்ப் பதிவாளர்தான் எழுத வேண்டும். பஸ் ஏறி ராஜபாளையம் போனால், ஆஸ்பத்திரியில் நடந்த மரணம் என்பதால் அவர்களே தகவல் அனுப்பி, பதிவும் ஆகியிருந்தது. 21 நாளைக்குள் தகவல் போய்விட்டால் தாமதக் கட்டணமும் கிடையாது. என் பாக்கெட்டில் போனது பஸ் சார்ஜ் மட்டும்தான். மாமா இருந்திருந்தால் வீட்டு வாசலிலேயே "எங்க மாப்ளே கிளம்பிட்டே? அது ராஜபாளையம்" என்று திருப்பி அனுப்பியிருப்பார். அவருடைய சான்றிதழுக்கே அவரிடம்தான் யோசனை கேட்டிருக்க வேண்டும்.

சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அத்தை உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"இது உனக்குத்தான்யா. பழைய பேப்பர்காரனுக்குப் போட மனசு வரலை."

உள்ளே அத்தனையும் மனு. கார்பன் காப்பி, வருஷவாரியாக நூல் கட்டி. சிலவற்றில் பதில் கடிதம் பின் செய்திருந்தது. கவர் மேல் அரசாங்கக் கோபுரம். அது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று நாங்கள் சொல்வோம். மதுரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அது இப்போது வேண்டாம். பதில் வராத மனுவின் ஓரத்தில் பென்சிலால் "நினைவூட்டு 1, நினைவூட்டு 2". தபால்காரர் புத்தி.

ஆனால் 2016 அக்டோபருக்குப் பிறகு ஒரு பெரிய கட்டு. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு வரி: "கேட்பார் இல்லாத காலம்."

உங்களில் எத்தனை பேருக்கு இது ஞாபகம் இருக்கிறதோ, எனக்குச் சுத்தமாக இல்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் ஐந்து வருஷம் முடிந்தது. நடக்க வேண்டிய தேர்தல் கோர்ட்டில் மாட்டிக்கொண்டது. நகரங்களில் மறுபடி ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரி 19ல். இடையில் ஐந்து வருஷம் நாலு மாதம் தமிழ்நாட்டின் எந்த மாநகராட்சியிலும், நகராட்சியிலும், பேரூராட்சியிலும் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. கமிஷனரே தனி அலுவலர்.

இதில் என்ன ஆச்சு என்கிறீர்களா? நகராட்சியில் ஒரு வேலை நடக்க வேண்டுமானால் அதிகாரிகள் அஜெண்டா தயாரிப்பார்கள். ப்ளீச்சிங் பவுடர் வாங்க, மோட்டார் ரிப்பேர் பார்க்க, சத்திரத்தைக் குத்தகை விட. ஒவ்வொன்றின் கீழும் "மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது" என்று இருக்கும். மன்றம் என்றால் நாம் ஓட்டுப் போட்ட கவுன்சிலர்கள். அவர்களில் ஒருத்தர் எழுந்து "போன மாசம்தானே இதே மோட்டாரை ரிப்பேர் பார்த்தீங்க?" என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் அவரை அனுப்புவது. தனி அலுவலர் காலத்தில் மன்றத்தின் அனுமதிக்கு வைப்பவரும் அவரே, மன்றமும் அவரே. காலையில் கேள்வி, மத்தியானம் பதில், இரண்டிலும் ஒரே கையெழுத்து. தனிமனிதரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. தண்ணீர் வந்தது, குப்பை அள்ளினார்கள், 2020ல் கொரோனா வந்தபோது நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க, தூய்மைப் பணியாளர்கள்தான் தெருவில் நின்றார்கள். ஆனால் எனக்குச் சம்பளம் போடுகிற கம்பெனியிலும், என் டி.ஏ. பில்லை நானே பாஸ் பண்ணிக்கொள்ள விடுவார்களா? கேஷியரைக் கேட்டுப் பாருங்கள்.

மாமா அந்தக் கட்டில் ஒரு காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருந்தார்: "ஆபீஸில் கொடுத்த மனுவுக்கு ரசீது. மன்றத்தில் கேட்ட கேள்விக்குத் தீர்மான எண். ரசீது என் பையில் தூங்கும். தீர்மானம் அவர்கள் ரிஜிஸ்தரில் முழித்துக்கொண்டிருக்கும்."

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்கக் கூடாது. 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். 1950ல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது அவர் ஆட்சியில்தான். மேற்கே மலையைத் தாண்டினால் கேரளா. அங்கே 1996ல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து, திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடமே கொடுத்து, "நீங்களே உட்கார்ந்து பேசிச் செலவு பண்ணுங்கள்" என்றார்கள். மலைக்கு இந்தப் பக்கம் நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் 2022 நவம்பர் 1ஆம் தேதிதான் முதல்முதலாக நடந்தது. கிராமசபை மாதிரி, டவுனுக்கு. வார்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு குடியிருப்பவரை உறுப்பினராகப் போட்டு, கவுன்சிலர் தலைமையில் வார்டு கமிட்டி. சபையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்ட வேண்டும். மாமா அந்த முதல் கூட்டத்துக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனாராம். கல்யாணத்துக்குக்கூட அப்படிக் கிளம்பமாட்டார் என்றாள் அத்தை.

பையில் கடைசியாக இருந்த மனு பாதியில் நின்றிருந்தது. சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க வரும் வயதானவர்கள் உட்கார, வாசல் வேப்பமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்ச் வேண்டும். அவ்வளவுதான். தேதி போடவில்லை.

"அடுத்த கூட்டம் எப்பய்யா?" என்றாள் அத்தை.

* * *

கூட்டம் நடந்த ஊர் எது, வார்டு எது என்று சொல்ல மாட்டேன். நான் அதே தெருவில் நடமாட வேண்டியவன். டீயோடு என்ன கொடுத்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். பால்கோவா என்றால் ஊரைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் நாற்காலி போட்டவர்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை, அந்த வார்டில்தான் நானும் இருக்கிறேன், எனக்கே அத்தை சொல்லித்தான் கூட்டம் இருப்பது தெரியும். கவுன்சிலர் ஒரு பெண்மணி. குறிப்பேட்டோடு ஒரு நகராட்சி ஊழியர். முதல் அரை மணி நேரம் ஒரு பெரியவர் தன் தம்பியோடு உள்ள பாகப்பிரிவினைத் தகராறைச் சொன்னார். "ஐயா, அதுக்கு சிவில் கோர்ட்" என்று கவுன்சிலர் மூன்று தரம் சொல்லியும் விடவில்லை.

அத்தை எழுந்தாள். எழுபது வயசில் மைக் பிடித்தது அதுதான் முதல் தடவை. மைக்கை வாயில் வைக்காமல் காதில் வைத்தாள். சரி செய்துவிட்டு நான் உட்கார்ந்தேன்.

"ஒரு பெஞ்ச் வேணும்மா. அவரு நின்னுக்கிட்டே இருப்பாரு. எல்லாரும் நின்னுக்கிட்டுதான் இருக்காக. மாத்திரை வாங்க வர்றவுகளுக்குக் கால் வலிக்காதா?"

கவுன்சிலர் சிரிக்கவில்லை. "எழுதிக்கங்க" என்றார் ஊழியரிடம்.

"மனுதாரர் பேரு பாட்டி?"

அத்தை மாமா பெயரைச் சொன்னாள்.

"அவரு வரலையா?"

"வர முடியாது. சர்டிபிகேட்டே வாங்கியாச்சு."

ஊழியர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி தயங்கினார். "இப்ப வார்டுல குடியிருக்கிறவங்க பேரு வேணுமே பாட்டி. உங்க பேரைப் போடட்டுமா?"

"நான் ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்க." அத்தை திரும்பி என்னைக் காட்டினாள். "இவன் பேரை எழுதுங்கய்யா. உயிரோடதான் இருக்கான். இந்த வார்டுதான்."

எழுதினார்கள். என் பெயர், தெரு, வரிசை எண் 4. பெஞ்ச் விஷயம் எஸ்டிமேட்டுக்குப் போய், அஜெண்டாவில் ஏறி, மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்பட வேண்டும். அடுத்த கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று மனுதாரர், அதாவது அடியேன், வந்து கேட்க வேண்டும்.

மறுநாள் ஆபீஸில் அந்தத் தேதிக்கு இப்போதே லீவு லெட்டர் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "பெஞ்ச்" என்று எழுதி, அடித்துவிட்டு, கேஷியரிடம் யோசனை கேட்டேன்.

"அது இருக்கட்டும். அன்னிக்கு பஜ்ஜியை முழுங்கினியே, உன் வார்டு கவுன்சிலர் பேரு என்ன?"

சொன்னேன். இன்ஷியலோடு.