முடி துறந்த சதுரங்க வேந்தன்

வென்று பெற்ற முடியைப் பின்னொரு நாள் தோற்று இழப்பது உலக இயல்பு. பறிப்பார் ஒருவரும் இல்லாதிருக்கவும் அதனைத் தானே கழற்றி வைத்தல் மிக அருகிய செயல். நார்வே நாட்டுச் சதுரங்க வீரர் மாக்னஸ் கார்ல்சன் 2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அதனைச் செய்தார். ஐந்து உலகப் போட்டிகளில் வென்று, எட்டாண்டுகளுக்கு மேலாக முடி தாங்கியிருந்த அவர், தம்மை எதிர்க்கும் உரிமை பெற்றிருந்த ரஷ்ய வீரர் இயான் நெப்போம்னியாச்சியோடு மறுமுறை பொரத் தமக்கு விருப்பமில்லை என்றும், அதனால் தாம் பெறத்தக்கது பெரிதாக யாதும் இல்லை என்றும் உரைத்து விலகினார். அப்போது அவருக்கு வயது 31.

அன்று முதல் சதுரங்கப் பற்றுடையார் இருவர் கூடுமிடமெல்லாம் இச்செயல் முறையோ முறையன்றோ என்னும் வழக்கு எழுகின்றது. நம் விடுதியிலும் எழுந்ததுண்டு. பயற்றங்கூழுக்காகத் தன் சேஷ்டபுத்திரபாகத்தை விற்ற ஏசாவோடு கார்ல்சனை ஒப்பிட்டார் நண்பர் ஒருவர். ஒப்புமை கேட்பதற்கு இனியதே, ஆயினும் பொருந்துவதன்று. ஏசா பசியால் விற்றான், பின்பு அழுதான். கார்ல்சனோ எதனையும் விற்றாரல்லர். அழுதாரென்று கேள்வியும் இல்லை. அவர் முடி துறந்தது தக்கதே என்பது நம் கருத்து. ஆயின் அதே ஆண்டில் அவர் பிறிதொன்றையும் துறந்தார். அஃது எவ்வாற்றானும் தக்கதன்று. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் போற்றுவாரும் ஒன்றாக வைத்துத் தூற்றுவாரும் பலராதலின், இரண்டையும் வேறு பிரித்துக் காண்டல் வேண்டும். அதற்கு முன் அவர் எத்தகைய ஆட்டக்காரர் என்பதைச் சிறிது நோக்குவோம்.

கார்ல்சன் 1990-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் டன்ஸ்பெர்க் என்னும் ஊரிற் பிறந்தார். ஐந்தாம் வயதில் தந்தையார் ஹென்ரிக் ஆட்டத்தைக் கற்பித்தபோது சிறுவர்க்கு அதில் நாட்டம் பெரிதும் உண்டாகவில்லை. உலக நாடுகளின் கொடிகளையும் தலைநகரங்களையும் மனப்பாடம் செய்வதே அவருக்கு அக்காலத்து விளையாட்டு. தமக்கையார் எல்லனை எவ்வாறேனும் வென்றுவிடல் வேண்டும் என்னும் ஆசையே எட்டு வயதளவில் அவரைப் பலகையின் முன் அமர்த்தியது. (தமக்கையரால் உலகுக்கு விளைந்த நன்மைகளுள் இதனையும் ஒன்றாகக் கணக்கிடுக.) பின்னர் அவரைப் பயிற்றிய சிமென் அக்டெஸ்டைன் கிராண்ட்மாஸ்டர் என்பதோடு, நார்வே நாட்டுக் கால்பந்தாட்ட அணியிலும் ஆடியவர். 2004-ஆம் ஆண்டு ஏப்ரலில், துபாய் நகரில், 13 ஆண்டும் 4 திங்களும் நிரம்பிய பருவத்தில் கார்ல்சன் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2010-ஆம் ஆண்டு பிறந்த அன்று வெளிவந்த தரவரிசையில், பத்தொன்பது வயதில், உலகில் முதல்வராய் நின்றார்.

அவர் சிறுவராயிருந்தபோதே கிராண்ட்மாஸ்டர் லூபொமிர் கவாலெக் என்பார் அவரைச் 'சதுரங்கத்தின் மோட்சார்ட்' என்று எழுதினார். பத்திரிகைகள் அப்பெயரை இன்றளவும் விட்டபாடில்லை. நம் எண்ணத்தில் அப்பெயர் அவரை விளக்கியதினும் மறைத்ததே மிகுதி. அப்பெயரைக் கேட்பவர், ஏதோ வானினின்று இழிந்த இசைபோல் வெற்றி அவர் விரல் நுனியில் வந்து அமர்ந்ததென எண்ணுவர். அவர் ஆட்டங்களைக் காய் காயாக நடத்திப் பார்ப்பவரோ வேறொன்றைக் காண்பர். பிறர் சமன் என்று கைகுலுக்கி எழுந்து போகும் நிலையில் அவர் எழுவதில்லை. பலகையிற் காய்கள் குறைந்து, யானையும் சில சிப்பாய்களுமே எஞ்சி, வேடிக்கை பார்ப்போர் கொட்டாவி விடத் தொடங்கும் வேளையிலேதான் அவர் வேலை தொடங்குகின்றது. எதிரிக்குச் சிறு தொல்லை ஒன்று தருவார். அதனை அவர் தீர்த்தவுடன் மற்றொன்று தருவார். ஐந்து மணி நேரம் கழிந்தும் தருவார். இறுதியில் எதிரி சோர்ந்து ஒரு காயைத் தவறி வைப்பார்.

இதனைச் சென்னையிலேயே உலகம் கண்டது. 2013-ஆம் ஆண்டு நவம்பரில், தாம் வளர்ந்த நகரில், விசுவநாதன் ஆனந்த் அவரை எதிர்த்துத் தம் முடியைக் காக்க அமர்ந்தார். அப்போது நாம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். பெரியோர் முகம் நாளுக்கு நாள் வாடியதே நம் நினைவில் உள்ளது. முதல் நான்கு ஆட்டங்களும் சமன். ஐந்தாவது ஆட்டம் யானைகள் எஞ்சிய நிலைக்கு வந்தது. காத்திருந்தால் சமனாகி இருக்கும். ஆனந்த் சிறிது வழுவினார். 58-ஆம் நகர்வில் கார்ல்சன் வென்றார். ஆறாவதும் அவ்வாறே; அஃது 67 நகர்வுகள். ஒன்பதாவதில் ஆனந்த் வீறுகொண்டு தாக்கினார், 28-ஆம் நகர்வில் குதிரையைத் தவறான இடத்தில் வைத்தார், எல்லாம் முடிந்தது. 6½–3½ என்னும் கணக்கில் இருபத்து மூன்று நிரம்பாத இளைஞர் உலக வீரரானார். ஆனந்தின் தோல்விக்கு வருந்திய நம்மவர் பலர், கார்ல்சன் வியத்தகு ஆட்டம் ஒன்றும் ஆடவில்லையே எனக் குறை கூறினர். அவ்வாறு வியப்பின்றி வெல்லுதலே அவர் கலை என்பதை உணரச் சில ஆண்டுகள் சென்றன.

இனி முடி துறந்ததன் காரணத்துக்கு வருவோம். உலகப் போட்டி என்பது ஒருவரோடு ஒருவர் பல வாரம் இடைவிடாது பொருவது. அதற்கு முன் பல திங்கள், துணைவர் சிலரும் கணிப்பொறிகளும் சூழ, எதிரி எந்தத் தொடக்கத்தை ஆடினால் எவ்வாறு விடையிறுப்பது என்று இருபது முப்பது நகர்வு வரை ஆராய்ந்து நெஞ்சில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். எதிரியும் அவ்வாறே எழுதிக்கொண்டு வருவார். இருவர் நினைவாற்றலும் ஒன்றையொன்று தடுத்து நிற்கும். மனிதன் ஆடத் தொடங்குமுன் ஆட்டம் சமனாகிவிடும். 2016-இல் நியூயார்க்கில் கர்யாகினோடு ஆடிய பன்னிரண்டில் பத்து சமன். 2018-இல் லண்டனில் கருவானாவோடு பன்னிரண்டும் சமன். இரு முறையும் விரைவாட்டத்திலேயே வெற்றி தீர்மானமாயிற்று. காய்கள் வெளிப்பட்டு, ஏட்டறிவு தீர்ந்து, தனி மனிதர் இருவர் எதிரெதிர் நிற்கும் இடமே தமது இடமாகக் கொண்ட ஒருவருக்கு இவ்வகைப் போட்டி எத்துணைச் சலிப்பாயிருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

அவர் சோம்பலால் விலகினார் என்பாரும் உளர். அவர்கள் 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் துபாயில் நடந்த ஆறாவது ஆட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும். உலகப் போட்டியில் அதற்கு முன் பத்தொன்பது ஆட்டங்கள் தொடர்ந்து சமனாகியிருந்தன. அன்று கார்ல்சன் தம் அரசியைக் கொடுத்து எதிரியின் இரு யானைகளையும் பெற்றார்; பின்பு ஒரு யானை, ஒரு குதிரை, இரண்டு சிப்பாய்கள் ஆகியவற்றைக் கொண்டு எதிரியின் தனி அரசியை மெல்ல மெல்ல நெருக்கினார். 136 நகர்வு, ஏழே முக்கால் மணி நேரம். உலகப் போட்டி வரலாற்றில் அத்துணை நீண்ட ஆட்டம் வேறில்லை. அதன்பின் நெப்போம்னியாச்சி நிலைகுலைந்து மேலும் மூன்று ஆட்டங்களைத் தோற்றார். 7½–3½ என வென்ற சில நாளிலேயே, அடுத்த போட்டிக்குத் தாம் வருவது ஐயமே என்று கார்ல்சன் குறிப்பிட்டுவிட்டார். சோம்பர் இவ்வாறு வெல்வதுமில்லை. வென்ற கையோடு தம் மனத்தை வெளியிடுவதுமில்லை.

இவருக்கு முன்னும் முடியோடு பிணங்கியவர் உண்டு. அமெரிக்கராகிய பாபி பிஷர் 1972-இல் வென்ற முடியை 1975-இல் காக்க வரவில்லை. தாம் கேட்ட நிபந்தனைகள் யாவும் கிடைக்கவில்லை என்று ஆட்டத்தையே கைவிட்டு மறைந்தார். கஸ்பரோவ் 1993-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்போடு மாறுபட்டு முடியையும் உடன் எடுத்துச் சென்றார்; 2006 வரை உலகில் இரண்டு முடிகள் இருந்தன. கார்ல்சன் முடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தாம் மட்டும் இறங்கி வந்து, மற்றவரோடு ஒருவராய் ஆடிக்கொண்டிருந்தார். மூவருள் இவர் செயலே ஆட்டத்துக்கு ஊறு குறைந்தது என்போம்.

ஊறே இல்லையென்று கூறோம். 2023-இல் அஸ்தானாவில் நெப்போம்னியாச்சியை வென்ற சீன வீரர் டிங் லிரெனுக்கும், 2024-இல் சிங்கப்பூரில் டிங்கை வென்ற சென்னை இளைஞர் குகேஷுக்கும், "கார்ல்சனை வென்றா பெற்றீர்?" என்னும் வினா முடியோடு சேர்ந்தே வந்தது. பதினெட்டு வயதில் உலகை வென்று கண்ணீர் மல்க நின்ற ஒருவரை நோக்கி இவ்வினாவை எழுப்புதல் கொடுமை. கார்ல்சனுக்கு எதிரான வாதங்களுள் இஃதொன்றே வலியது. எனினும் 1946-இல் அலெகின் முடியோடு இறந்தபோது, அடுத்தவர் யாரை வென்று பெறுவது? 1948-இல் ஐவர் ஆடிய தொடரில் வென்றே போத்வின்னிக் வீரரானார். அவரை அரைகுறை வீரரென இன்று எவர் சொல்லுவார்? பிஷர் வாராமையால் ஆடாமலே முடி பெற்ற கார்ப்போவும் பின்னர்த் தொடர்தோறும் ஆடி வென்று வாய்களை அடைத்தார். முடியின் நிறை அதனைப் பின்னர் அணிபவர் ஆட்டத்தைப் பொறுத்தது. விட்டுச் சென்றவர் அதற்குக் கடன்பட்டவர் அல்லர்.

இனி மற்றைத் துறவு. முடி துறப்பதாக அறிவித்து இரு திங்களும் நிரம்பாத 2022 செப்டம்பர் 4-ஆம் நாள், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், சிங்க்பீல்ட் கோப்பைத் தொடரின் மூன்றாம் சுற்றில், பத்தொன்பது வயதினரான ஹான்ஸ் நீமன் என்பவரிடம் கார்ல்சன் தோற்றார். மறுநாள் தொடரை விட்டே விலகினார். காரணம் கூறவில்லை, தாம் பேசினால் தொல்லைக்குள்ளாக நேரும் எனக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் கூறும் காட்சித் துணுக்கொன்றை மட்டும் வெளியிட்டார். நீமன் ஏமாற்றினார் என்பதே அதன் பொருளென உலகம் கொண்டது. சிறு வயதில் இணைய ஆட்டங்கள் சிலவற்றில் ஏமாற்றியதை நீமனே ஒப்புக்கொண்டார். நேர்முக ஆட்டத்தில் ஒருபோதும் இல்லை என்றார். கார்ல்சன் வெளிப்படையாகத் தம் ஐயத்தை எழுதியது மூன்று வாரம் கழித்தே. செயின்ட் லூயிஸ் ஆட்டத்தில் ஏமாற்று நிகழ்ந்தது என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. 2023 டிசம்பரில் கூட்டமைப்பின் ஒழுங்கு ஆணையம், தக்க காரணமின்றித் தொடரினின்று விலகியதற்காக மட்டும் கார்ல்சனுக்கு 10,000 யூரோ தண்டம் விதித்தது. பிற குற்றச்சாட்டுகளினின்று விடுவித்தது.

பத்தாயிரம் யூரோ அவருக்குப் பெரிதன்று. செய்கையோ பெரிது. முடி அவர் வென்ற பொருள். விடுதற்கு அவர் உரியர். தொடரோ ஒன்பதின்மரோடு அவர் செய்துகொண்ட உடன்பாடு. அவர் எழுந்து சென்றமையால், அதுவரை அவரோடு மூவர் ஆடிய ஆட்டங்கள் கணக்கில் நில்லாமற் போயின. முறையிட நடுவர் இருந்தனர்; ஆணையம் இருந்தது; பேசுதற்கு நாவும் இருந்தது. உலகில் முதல்வரானவர் வாய் திறவாமல் ஓர் ஐயத்தை எறிந்துவிட்டு எழுந்து போனால், அதன் முழுச் சுமையும் எளியவன் தோள்மேல் விழுகின்றது. நீமன் நல்லவரா அல்லரா என்பது வேறு வினா. குற்றமுடையாரும் தம்மேற் சாற்றப்பட்டது யாதெனக் கேட்டறியும் உரிமை உடையர். அவ்வுரிமை அவருக்கு மூன்று வாரம் மறுக்கப்பட்டது.

கார்ல்சனுக்கு ஆட்டத்தில் வேட்கை அற்றுவிட்டது என்று இன்னும் கூறுவார்க்கு ஒன்று சொல்வோம். 2025-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள், நார்வேயின் ஸ்டாவஞ்சர் நகரில், முடியில்லாத கார்ல்சனும் முடியுடைய குகேஷும் எதிர்ந்தனர். நெடுநேரம் வெற்றி கார்ல்சன் பக்கமே இருந்தது, பொழுது நெருக்கத்தில் அவர் தவறினார், குகேஷ் வென்றார். கார்ல்சன் முட்டியால் மேசையை ஓங்கிக் குத்தினார். காய்கள் துள்ளி விழுந்தன. பிறகு கைகொடுத்தார், வெளியே செல்லுங்கால் இளைஞர் முதுகைத் தட்டிச் சென்றார். எஞ்சிய சுற்றுகள் அனைத்தையும் இருந்து ஆடி முடித்து, அத்தொடரை ஏழாம் முறையாக வென்றார்.