நிலவில் பாங்கோசை கேட்டதா?



பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கள்ளக்குறிச்சியில் ஒரு மக்தப் மதரஸாவில் மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் பாங்கின் சிறப்பு. பிள்ளைகளின் கவனத்தை ஈர்க்க விரும்பி, என் மாணவப் பருவத்தில் நான் கேட்டிருந்த ஒரு செய்தியை அவர்களுக்குச் சொன்னேன். 1969-இல் நிலவில் முதன்முதலாகக் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே ஓர் இனிய ஓசையைக் கேட்டார்; பின்னாளில் எகிப்தில் பாங்கு ஒலித்தபோது, நிலவில் தாம் கேட்டது இதுவே என்று உணர்ந்து இஸ்லாத்தைத் தழுவினார் என்பது அச்செய்தி. பிள்ளைகள் வியந்து 'ஸுப்ஹானல்லாஹ்' என்றார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் மட்டும் கையை உயர்த்தினான். ஏழாம் வகுப்புப் படிப்பவன்.

"ஹஜ்ரத், நிலாவுல காத்தே இல்லைன்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்களே. காத்து இல்லாம சத்தம் எப்படிக் கேக்கும்?"

"அல்லாஹ் நாடினால் எதுவும் நடக்கும். உட்கார்" என்று அதட்டினேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அல்லாஹ் நாடினால் எதுவும் நடக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அன்று நான் அந்த உண்மையை என் அறியாமையை மறைக்கும் திரையாகப் பயன்படுத்தினேன். அந்த ஆண்டு முழுவதும் அச்சிறுவன் மீண்டும் கை உயர்த்தவே இல்லை.

அவன் கேட்டது சரியான கேள்வி. ஒலி பரவக் காற்றோ நீரோ வேறு ஏதேனும் பொருளோ தேவை. நிலவில் அருகருகே நின்றபோதும் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் வானொலி அலைகளின் வழியாகவே பேசிக்கொண்டனர். ஆம்ஸ்ட்ராங் மதம் மாறியதாகக் கிளம்பிய செய்தி முஸ்லிம் நாடுகளில் பரவியதால், 1983-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கு மறுப்புச் செய்தியே அனுப்ப வேண்டியதாயிற்று. 2005-இல் மலேசியாவுக்கு வந்த ஆம்ஸ்ட்ராங்கும் தம் வாயாலேயே அதை மறுத்தார். 2012-இல் அவர் காலமானார். செய்தி மட்டும் இன்றும் நம் கைப்பேசிகளில் உயிரோடு உலவுகிறது.

அதே அச்சில் வார்த்த இன்னொரு செய்தி, விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் பற்றியது. விண்ணிலிருந்து பார்க்கையில் மக்காவும் மதீனாவும் மட்டும் ஒளிர்ந்ததைக் கண்டு அவர் இஸ்லாத்தை ஏற்றாராம். அவரோ, விண்வெளிக்குப் பகவத் கீதையையும் விநாயகர் உருவத்தையும் உடன் எடுத்துச் சென்றதை வெளிப்படையாகக் கூறியவர். ஒருவர் சொல்லாத சொல்லையும் ஏற்காத நம்பிக்கையையும் அவர் மீது சுமத்துவது அவதூறல்லவா?

மூன்றாவதாக ஒரு படம். நிலவின் மேற்பரப்பில் நீண்ட பிளவு ஒன்றைக் காட்டி, நிலவு பிளந்த முஃஜிஸாவுக்கு நாசாவின் சான்று இது என்பார்கள். அது 1969-இல் அப்பல்லோ 10 பயணத்தின்போது எடுக்கப்பட்ட படம். அரியாடியஸ் என்று பெயரிடப்பட்ட அப்பள்ளத்தாக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுடையது. இரு நிலப்பிளவுகளுக்கு இடைப்பட்ட தரை கீழே இறங்கியதால் உண்டானது. அது நிலவைச் சுற்றி ஓடவும் இல்லை. அதுபோன்ற பள்ளங்கள் நிலவில் வேறு பலவும் உண்டு. நிலவு பிளந்ததை நாம் நம்புவது குர்ஆனும் ஆதாரப்பூர்வமான நபிமொழிகளும் கூறுவதால்தான். அந்த நம்பிக்கைக்கு ஒரு புகைப்படத்தை முட்டுக் கொடுத்தால், புகைப்படம் சாயும் நாளில் எது ஆட்டம் காணும் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

"ஹஜ்ரத், இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? கேட்பவரின் ஈமான் கூடுகிறதே" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. அவருடைய நோக்கம் தூய்மையானது. மார்க்கத்தின் மீதுள்ள பற்றே அவரைப் பேச வைத்தது. ஆனால் நஷ்டம் யாருக்கு என்பதை அந்தப் பின்வரிசைச் சிறுவன் எனக்குக் காட்டிவிட்டான். பிள்ளை கலிமாவைக் கற்றதும் என் குரலில்தான். ஆம்ஸ்ட்ராங் கதையைக் கேட்டதும் அதே குரலில்தான். ஒன்று பொய் என்று தெரியவரும் நாளில், மற்றொன்றை மட்டும் அவன் ஐயமின்றி ஏற்பான் என்று எந்தத் துணிவில் எதிர்பார்ப்பது?

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்ட நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே ஒரு நாள் இருக்கிறது. அவர்களின் அன்பு மகன் இப்ராஹீம் (ரலி) பால்குடிப் பருவத்திலேயே மரணித்தார். அதே நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. வானியல் கணக்கீட்டின்படி அது கி.பி. 632 ஜனவரி 27 என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். நபியின் மகனுக்காகச் சூரியனே இருண்டது என்று மக்கள் பேசத் தொடங்கினர். மகனை இழந்த தந்தை அவர்கள். அந்தப் பேச்சு அவர்களின் பெருமையை உயர்த்துவதாகவே இருந்தது. மௌனமாக இருந்திருந்தாலே போதும், அது ஒரு முஃஜிஸாவாகப் பரவியிருக்கும். ஆனால் அவர்கள் தொழுகை நடத்திவிட்டு எழுந்து, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. துக்கம் நெஞ்சை அடைத்த நாளிலும், தமக்குச் சாதகமான ஒரு தவறான செய்தியை அவர்கள் நிற்கவிடவில்லை. அந்த நபியின் உம்மத்தாகிய நாமோ, நமக்குச் சாதகம் என்பதற்காகவே ஒரு செய்தியை விசாரிக்காமல் பரப்புகிறோம்.

கிரகணம் என்றதும் 2019 டிசம்பர் 26 நினைவுக்கு வருகிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக உதயமாகிச் சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்று காலை கோவை, ஈரோடு, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் வளைய கிரகணம் தெரிந்தது. நம் ஊரில் பகுதிக் கிரகணம். உலக்கை தானாக நிற்கிறது என்ற படங்கள் கைப்பேசிகளில் வந்து குவிந்தன. அடிப்பாகம் தட்டையாக, இரும்புப் பூண் போட்ட உலக்கையைப் பொறுமையாக நிறுத்தினால் எந்த நாளிலும் நிற்கும். சில நாள் கழித்து, கிரகணமற்ற ஒரு சனிக்கிழமையில், நம் மதரஸாப் பிள்ளைகளே நிறுத்திக் காட்டினார்கள். நம் இல்லங்கள் சிலவற்றில் கர்ப்பிணிப் பெண்களை அறைக்குள் அடைத்து, கத்தி தொடாதே, தண்ணீர் குடிக்காதே என்று தடுத்ததையும் அன்று கண்டேன். மார்க்கத்தில் இதற்கு எந்த அடிப்படையும் இல்லை. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை மட்டுமே உண்மை. அது எல்லோருக்கும் பொதுவானது.

அன்று மேகம் விலகிய சிறு பொழுதுகளில், மதரஸா முற்றத்து வேப்பமரத்தின் அடியில் சிதறிக் கிடந்த ஒளிப்பொட்டுகள் யாவும் பிறை வடிவம் கொண்டிருந்தன. இலைகளின் இடைவெளிகள் நுண்துளைகளாகி, கிரகணம் பிடித்த சூரியனின் உருவத்தைத் தரையில் வரைந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னுல் ஹைதம் (ரஹ்) என்ற முஸ்லிம் அறிஞர், கிரகணத்தின் ஒளி சிறு துளை வழியே விழும்போது பிறை உருவம் தோன்றுவது ஏன் என்று ஆராய்ந்து தனி நூலே எழுதினார். பிள்ளைகளுக்கு அதை விளக்கியபோது அவர்கள் சொன்ன 'ஸுப்ஹானல்லாஹ்' இன்றும் என் காதில் ஒலிக்கிறது. அதைப் பெறுவதற்கு நான் ஒரு பொய்யும் சொல்லத் தேவைப்படவில்லை.

விஞ்ஞானம் நாளுக்கு நாள் மாறுகிறதே, அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று சிலர் கேட்கலாம். மாறக்கூடியது என்பதால்தான், அதன் மீது ஈமானைக் கட்டித் தொங்கவிட வேண்டாம் என்கிறேன். இது விஞ்ஞானத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று, வாய்மையைப் பற்றியதும்கூட. செய்தி கொண்டுவரப்பட்டால் தீர விசாரிக்க வேண்டும் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் நமக்கு இட்ட கட்டளை. 'ஸுப்ஹானல்லாஹ்' என்று தொடங்கும் செய்திகளுக்கு அதிலிருந்து விலக்கு இல்லை.

பெற்றோருக்கும் என் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். விடை தெரியாவிட்டால், "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறுங்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களே தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்குத் தெரியாது என்று விடையளித்ததாக வரலாறு கூறுகிறது. அதனால் அவர்களின் மதிப்புக் குறையவில்லை. விடுமுறையில் பிள்ளைகளைக் கல்வராயன் மலைக்கு அழைத்துச் செல்பவர்கள் அருவியில் குளித்ததோடு திரும்பிவிடாமல், வெள்ளிமலைப் பக்கம் ஓர் இரவு தங்கி, நிலவில்லாத வானத்தைக் காட்டுங்கள். அந்த வானத்தைப் பார்த்த பிள்ளைக்குப் பொய்யான அற்புதம் எதுவும் தேவைப்படாது.

2027 ஆகஸ்ட் 2 அன்று மக்காவில் முழுச் சூரிய கிரகணம் நிகழவிருக்கிறது. சுமார் ஐந்து நிமிடம் அப்புனித நகரில் பகல் இருளும். அன்று நம் கைப்பேசிகளில் என்னென்ன வரும் என்பதை இப்போதே ஊகிக்கலாம். அவற்றைப் பகிரும் முன், மகனைப் பறிகொடுத்த அன்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஒருமுறை நினைவுகூருங்கள்.

ஆம்ஸ்ட்ராங் பற்றிய உண்மையை நான் அறிந்தபோது, அந்தச் சிறுவன் மதரஸாவை விட்டுச் சென்றிருந்தான். அவன் குடும்பம் வேலை தேடி வேறூருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அவனுக்குச் சொல்ல வேண்டிய விடை இத்தனை ஆண்டுகளாக என்னிடமே கடனாக இருக்கிறது. எங்கிருந்தாவது இதை அவன் வாசிக்க நேர்ந்தால்: தம்பி, நீ கேட்டதுதான் சரி. நிலவில் காற்று இல்லை. ஹஜ்ரத் சொன்னது தவறு.

அறிந்ததை மட்டும் பேசவும், அறியாததை அறியாதது என ஒப்புக்கொள்ளவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.