ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

'வலிப்புக்காரிக்குப் பிறந்த பிள்ளை வேறெப்படி இருக்கும்?' மாமியார் வீட்டில் கேட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் கேட்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள்கூடக் கேட்டாள். எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: என் மகனுக்கு வந்தது என் வலிப்பினால் அல்ல, அதற்கு எனக்கு எழுதித் தந்த மாத்திரையினால். பெயர் சோடியம் வால்ப்ரோயேட். நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம். பள்ளி நாளிலிருந்து விழுங்கினேன். அவன் வயிற்றில் இருந்தபோதும் ஒரு வேளை தவறாமல் விழுங்கினேன்.

கல்யாணம் நிச்சயமானதும் அம்மா என்னை டாக்டரிடம் அழைத்துப் போய், பத்திரிகையை வைத்துவிட்டு, "ஒண்ணும் பிரச்சினை வராதே சார்?" என்று கேட்டாள். "சந்தோஷமா பண்ணுங்கம்மா. மாத்திரையை மட்டும் விட்டுடக் கூடாது" என்றார். பழைய சீட்டையே திருப்பி எழுதினார். வலிப்பைக் காட்டிக் கல்யாணத்தைச் செல்லாததாக்க இந்துத் திருமணச் சட்டத்தில் இருந்த இடத்தை 1999-இல் எடுத்துவிட்டார்கள். ஊர் வாயிலிருந்து யார் எடுப்பது? அதனால் பீரோவில் புடவைகளுக்கு அடியில் மறைத்து வைத்துத்தான் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மருந்துக் கடையில் கத்தரிக்கோலால் பட்டையை வெட்டி, பழுப்புக் கவரில் போட்டுத் தருவார்கள். எச்சரிக்கை எந்தப் பக்கம் அச்சாகியிருந்ததோ, அந்தப் பக்கம் என் கைக்கு வந்ததே இல்லை.

2014-இல் உண்டானேன். மகப்பேறு மருத்துவரிடம் மாத்திரையைக் காட்டினேன். "உங்க நரம்பு டாக்டரைக் கேளுங்க" என்றார். நரம்பு டாக்டர், "தொடர்ந்து போடும்மா, அவங்க பார்த்துப்பாங்க" என்றார். இருவருக்கும் நடுவில் என் பிள்ளை வளர்ந்தான். கரு உருவான முதல் நான்கு வாரத்திலேயே, இந்த மாத்திரை பாதிக்கக்கூடிய முதுகுத்தண்டுக்கான குழாய் மூடிவிடுமாம். நாள் தள்ளிப்போய்ப் பரிசோதித்துப் பார்ப்பதற்குள் பல சமயம் அந்தக் கட்டம் முடிந்துவிடுகிறது. அப்படியென்றால், என்னிடம் சொல்ல வேண்டிய நாள் அந்தக் கல்யாணப் பத்திரிகை மேஜைமேல் இருந்த நாள்தானே?

தெரியாமல் நடந்தது என்கிறீர்களா? இந்த மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டுப் பிளவு வருவதை பிரான்ஸில் லியோன் நகர மருத்துவர்கள் கண்டு சொன்னது 1982-இல். நான் பிறப்பதற்கும் முன்னால்! வலிப்புள்ள கர்ப்பிணிகளின் விவரங்களைத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனத்தில் 1998 முதல் பதிவு செய்து ஆராய்ந்து வருகிறார்கள். இதோ, ஒரு ராத்திரி ரயில் தூரத்தில். வயிற்றில் இருக்கும்போது இந்த மருந்து பட்ட 100 குழந்தைகளில் 10 பேருக்குப் பிறவிக் குறை வருகிறது. மற்றக் குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குத்தான். மருந்து பட்ட அந்த 100 பேரில் 30 முதல் 40 பேருக்குப் பேச்சிலோ படிப்பிலோ பழகுவதிலோ பின்தங்கல். மூன்று வயதில் அறிவுத்திறனைச் சோதித்தால், லாமோட்ரிஜின் என்ற வேறொரு வலிப்பு மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளைவிடச் சராசரியாக 9 புள்ளி குறைவு என்று 2009-இலேயே வெளியாகிவிட்டது. எல்லாம் அச்சில் இருந்தது. என் காதுக்கு மட்டும் வரவில்லை.

குழந்தை யார் சாடை என்று இரு வீட்டாரும் சண்டை போட்டார்கள். மேலுதடு மெல்லிசு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே பள்ளமே இல்லை, மூக்குத்தண்டு அகலம். இரண்டு குடும்பத்திலும் இப்படி ஒரு முகம் கிடையாது. அவனுக்கு ஐந்து வயதில் மரபியல் மருத்துவர் ஒருவர் அந்த முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "கர்ப்பத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அவருக்கு முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. எனக்கு அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. இன்றும் சட்டைப் பொத்தான் போட அவனால் முடியாது. பசித்தால் "பசிக்குது" என்று சொல்ல வராமல் தன் கையைத் தானே கடித்துக்கொள்கிறான்.

பழைய டாக்டரிடம் போய் நின்றேன். "சொல்லியிருந்தா பயந்து நிறுத்தியிருப்பே. வலிப்பு வந்து நீயும் போய், குழந்தையும் போயிருக்கும்" என்றார். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்பது உண்மைதான். இதைப் படிக்கும் எந்தப் பெண்ணும் இன்றைக்கே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஆனால் நிறுத்துவது ஒன்றுதானா வழி? லாமோட்ரிஜின் இருந்தது. லெவெட்டிராசிட்டம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே மெல்ல மாற்றிப் பார்த்திருக்கலாம். வால்ப்ரோயேட்டை விட்டால் அடங்காது என்ற வகை வலிப்பாகவே இருந்திருந்தாலும் அளவைக் குறைத்துப் பார்த்திருக்கலாம். அளவு கூடக்கூடத்தானே ஆபத்தும் கூடுகிறது? எதுவுமே ஆகாதென்றால், பிள்ளை பெறலாமா வேண்டாமா என்று நானும் என் புருஷனும் உட்கார்ந்து முடிவு செய்திருப்போம். எங்களுக்குப் பதில் முடிவெடுக்க நீங்கள் யார்?

பிரிட்டனில் 2018 முதல், பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு இந்த மருந்தை எழுதினால் ஆண்டுதோறும் ஆபத்தை விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். பாதிக்கப்பட்ட தாய்மாரை விசாரித்த குழு 2020-இல் அறிக்கை தந்தபோது அந்த நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டது. என்னிடம் எவரும் கேட்கவில்லை. போன மாதம் அதே கடையில் ஒரு கல்லூரிப் பெண் அதே மாத்திரையை வாங்கிக்கொண்டு நின்றாள், அதே வெட்டுப் பட்டை, அதே பழுப்புக் கவர். கூப்பிட்டு நான்தான் சொன்னேன். முகம் வெளுத்துப்போய், "டாக்டர் சொல்லவே இல்லையே அக்கா" என்றாள்.

பயந்தாள்தான். பயந்தவள் மாத்திரையை நிறுத்தவில்லை, டாக்டரைத்தான் தேடிப் போனாள். நானும் அதைத்தான் செய்திருப்பேன். சீட்டு எழுதுகிற கைக்கு வாயும் உண்டல்லவா? இனி வரும் பெண்ணிடமாவது திறந்து சொல்லுங்கள்.