சம்மதியாத ஒருவர்





கையில் ஒரு பையோடு பெங்களூரு மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கிய முதல் நாளை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். அங்கிருந்து சற்றுத் தொலைவில், சேஷாத்திரி சாலையோரத்தில் ஃப்ரீடம் பார்க் இருக்கிறது. இன்று பிள்ளைகள் ஓடி விளையாடும் அந்த இடம், ஒரு காலத்தில் பெங்களூரு மத்திய சிறைச்சாலையாய் இருந்தது. அதன் பழைய மதில்களும் சிறை அறைகளும் இன்னும் சாட்சியாய் நிற்கின்றன.

1975 ஜூன் 25 இரவு நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அப்போது பாராளுமன்றக் குழுக் கூட்டத்திற்காக இந்நகரத்திற்கு வந்திருந்த வாஜ்பாய், அத்வானி முதலிய தலைவர்கள் மறுநாளே கைது செய்யப்பட்டு இச்சிறையில் அடைக்கப்பட்டார்கள். நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறைப்பட்டார்கள். 'மிசா' என்ற சொல்லைக் கேட்டாலே குடும்பங்கள் நடுங்கிய நாட்கள் அவை.

சிறைப்பட்டவர்கள் உயர்நீதிமன்றங்களை நாடினார்கள். பெங்களூரு உட்படப் பல நகரங்களின் உயர்நீதிமன்றங்கள் அவர்களுடைய மனுக்களைக் கேட்க முன்வந்தன. அரசு அதை எதிர்த்து உச்சநீதிமன்றத்திற்குச் சென்றது. அங்கே ஐந்து நீதிபதிகள் வழக்கைக் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் ஹன்ஸ் ராஜ் கன்னா.

1912-ல் அமிர்தசரஸில் பிறந்தவர் அவர். அவ்வூரிலேயே வழக்கறிஞராய்த் தொழில் செய்து, 1952-ல் மாவட்ட நீதிபதியாகி, படிப்படியாய் உயர்ந்து, 1971-ல் உச்சநீதிமன்றத்தில் அமர்ந்தார். அவர் நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவரல்லர். ஆகிலும் தேவபிள்ளைகளாகிய நாம் அவரிடத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

விசாரணையின்போது அவர் அரசின் தலைமை வழக்கறிஞரை நோக்கி ஒரு கேள்வி கேட்டார். ஒரு காவல் அதிகாரி சொந்தப் பகையினால் ஒருவரைக் கொன்றுவிட்டால், அதற்கும் நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்பதே அவருக்குக் கிடைத்த பதில்.

1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு வந்தது. சிறைப்பட்டவர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட இயலாது என்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். கன்னா ஒருவர் மட்டும் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஒரு மனிதனின் உயிரையும் சுதந்தரத்தையும் சட்டத்தின் அதிகாரமின்றிப் பறிக்க அரசுக்கு உரிமையில்லை என்று தனியே எழுதிவைத்தார்.

இதற்கு என்ன விலை கொடுக்கவேண்டும் என்பதை அவர் அறியாமல் இல்லை. தாம் எழுதியிருக்கும் தீர்ப்பினால் தலைமை நீதிபதி பதவியை இழக்கப்போவதாகத் தம் சகோதரியிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. 1977 ஜனவரியில், பணிமூப்பில் முன்னின்ற அவரைத் தாண்டி, இளையவரான எம்.எச். பெக்கிற்கு அப்பதவி அளிக்கப்பட்டது. கன்னா தம் பதவியை ராஜினாமா செய்தார்.

பிரியமானவர்களே, அவருடைய எழுத்தினால் ஒரு சிறைக்கதவும் அன்று திறக்கவில்லை. தீர்ப்பு வந்த சில நாட்களுக்குள், மே மாதத்தில், கன்னட நடிகை ஸ்நேகலதா ரெட்டி கைது செய்யப்பட்டு இதே பெங்களூரு சிறையில் அடைக்கப்பட்டார். அவர் ஆஸ்துமா நோயாளி. எட்டு மாதங்கள் அங்கே வாடி, 1977 ஜனவரியில் விடுவிக்கப்பட்டு, சில நாட்களிலேயே மரித்தார். அப்படியானால் கன்னா எழுதியது வீணா?

இங்கேதான் அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பை நினைத்துப்பாருங்கள். ஆண்டவரைக் குற்றவாளியென்று தீர்த்த ஆலோசனைச் சங்கத்தில் அவரும் ஓர் அங்கத்தினர். மற்றவர்களுடைய யோசனைக்கும் செய்கைக்கும் அவர் உடன்படவில்லை என்று லூக்கா 23-ம் அதிகாரம் அறிவிக்கிறது. அவர் உடன்படாததினால் சிலுவை நின்றுபோகவில்லை. ஆனால் ஆண்டவருடைய சரீரத்தைக் கேட்டு வாங்கும் பாக்கியம் யாருக்குக் கிடைத்தது? சம்மதியாத அந்த மனிதனுக்கே. அவர் கொடுத்த கல்லறையிலிருந்தே உயிர்த்தெழுதலின் செய்தி புறப்பட்டது.

கன்னாவின் எழுத்துக்கும் ஒரு நாள் வந்தது. நெருக்கடி நிலையிலும் உயிர்வாழும் உரிமையை நிறுத்திவைக்க இயலாதபடி 1978-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. பிற்காலத்தில், நம் பெங்களூரில் வாழ்ந்த கர்நாடக உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி, தமது 86-ம் வயதில், 2012-ல் ஆதார் திட்டத்தை எதிர்த்து ஒரு மனு தாக்கல் செய்தார். அவர் பெயர் தாங்கிய அந்த வழக்கிலேயே, 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த 1976 தீர்ப்பைத் தவறு என்று தள்ளிப்போட்டது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். அன்று பெரும்பான்மையோடு நின்ற நால்வரில் ஒருவராகிய ஒய்.வி. சந்திரசூட்டின் குமாரன் அவர்! ஆனால் அதைக் காண கன்னா உயிரோடில்லை. 2008-லேயே மரித்துவிட்டார்.

அன்பான சகோதரனே, சகோதரியே, உச்சநீதிமன்றத்தின் நாற்காலியில் நீங்களும் நானும் அமரப்போவதில்லை. ஆனால் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் பொய்க்கணக்கில் கையெழுத்திடச் சொல்லும் மேலதிகாரிக்கு முன்பாக நீங்கள் ஒரு நியாயாதிபதியே. ஊரிலிருந்து புதிதாய் வந்த பையனின் கூலியைப் பிடித்துக்கொள்ளும்போது உடன் நின்று பார்ப்பவரும் நியாயாதிபதியே. ஏன், சபைக் கமிட்டியில் ஓர் ஏழை விசுவாசியை விசாரியாமலே குற்றப்படுத்தும் வேளையில் மௌனமாய்த் தலையசைக்கிறோமே, அதுவும் ஒரு தீர்ப்பல்லவா? வாடகை கட்டவேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்தவேண்டும் என்ற பயம் நமக்கு உண்டு. அதைக் கர்த்தர் அறிவார். திரளானோர் தீமைக்குச் சாயும்போது அவர்களோடு நாமும் சாயலாகாது என்று யாத்திராகமம் 23-ம் அதிகாரத்தில் கட்டளையிட்டவரும் அவரே.

நீங்கள் சம்மதியாததினால் ஒன்றும் மாறாமற்போகலாம். உங்களுக்கு வரவேண்டிய உயர்வு வேறொருவருக்குப் போகலாம். பலன் உங்கள் நாட்களில் தெரியாமலும் இருக்கலாம். ஆகிலும், அந்தச் சங்கத்தில் சம்மதியாத ஒருவரைக் கண்டு, அவர் பெயரை வேதத்தில் எழுதிவைத்த தேவன் உங்களையும் காண்கிறார்.

இந்த மாதத்தில் அப்படிப்பட்ட ஒரு வேளை உங்களுக்கு வருமானால், பேசவேண்டியதைத் தாழ்மையோடும் தைரியத்தோடும் பேசக் கர்த்தர் தாமே உங்களுக்குக் கிருபை தருவாராக. ஆமென்.