கழுத்தில் ஆபரேஷனா? வீட்டை முதலில் தயார் செய்யுங்கள்

"கழுத்து எலும்புகளை ஒட்ட வைக்கும் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கழுத்தில் கத்தி வைத்தால் கை கால் விழுந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நீங்கள் செய்துகொண்டதாக ஒரு தடவை எழுதியிருந்தீர்களே, விவரமாக எழுதுங்களேன்" என்று தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வேறு இரண்டு மூன்று பேரும் இதையே கேட்டிருப்பதால், இந்த இதழில் சமையல் குறிப்பு கிடையாது. கஞ்சியைத் தவிர!

எனக்கு அந்த ஆபரேஷன் நடந்தது 2022 பிப்ரவரியில். அப்போது வயது 54. அதற்கு முன் சில மாதங்களாகவே வலது தோளிலிருந்து கட்டைவிரல் வரை சுரீர் சுரீரென்று இழுக்கும். மாத்திரையும் பிசியோதெரபியுமாக வலி ஒருவாறு அடங்கியது. அப்பாடா என்றிருந்தபோதுதான் வேறு விபரீதம் ஆரம்பித்தது. ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியவில்லை. பூத் தொடுக்க உட்கார்ந்தால் நார் விரலுக்குள் நிற்கவில்லை. மாடிப்படி இறங்கும்போது பஞ்சில் கால் வைக்கிற மாதிரி இருந்தது. இதைச் சொன்னதும் டாக்டரின் முகமே மாறிவிட்டது. "வலியை விட இதுதான் முக்கியம்மா" என்று சொல்லி, அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிவிட்டார்.

ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் ஏழு எலும்புகள் அடுக்காக இருக்கின்றன. மேல் இரண்டைத் தவிர மற்றவற்றுக்கு நடுவே மெத்தை மாதிரி ஜவ்வு உண்டு. ஜவ்வு பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பை மட்டும் அழுத்தினால் கையில் வலியும் மரமரப்பும் வரும். இதில் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஆபரேஷன் இல்லாமலே குணமாகிவிடுகிறது. ஆகவே கழுத்து வலி என்றதும் யாரும் கத்தியை நினைத்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஜவ்வோ, வளர்ந்துவிட்ட எலும்பு முனையோ நடுவில் ஓடும் தண்டுவடத்தையே நெருக்கினால் கதை வேறு. கைவிரல்களில் நுணுக்கமான வேலை வராது, நடை தள்ளாடும், சிறுநீரை அடக்க முடியாமல் போகும். வலி இல்லாமலேகூட இவை வரலாம். அப்போது நாள் கடத்துவது நல்லதல்ல. ஆபரேஷன் முக்கியமாக மேற்கொண்டு கெடாமல் தடுக்கத்தான். ஏற்கெனவே போனது முழுக்கத் திரும்பும் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார்.

இந்த நிலையில் சலூனிலோ, கை தேர்ந்தவர் என்று யாரோ சொன்ன இடத்திலோ கழுத்தைச் சொடுக்கிக்கொள்வதை மட்டும் கனவிலும் நினைக்காதீர்கள். எனக்கும் அந்த யோசனையைச் சொல்ல நான்கு பேர் இருந்தார்கள்.

என்ன செய்கிறார்கள்? கழுத்தின் முன்பக்கம், பெரும்பாலும் தோல் மடிப்பிலேயே, சிறிதாகக் கீறுகிறார்கள். மூச்சுக் குழலையும் உணவுக் குழலையும் மெதுவாக ஒதுக்கிவிட்டு, கெட்டுப்போன ஜவ்வை எடுத்து, அந்த இடத்தில் எலும்புத் துண்டையோ 'கேஜ்' என்கிற சிறு கூட்டையோ பொருத்துகிறார்கள். பெரும்பாலும் மேலே ஒரு தகட்டை வைத்துத் திருகாணியும் போடுவார்கள். பின்பக்கமாகச் செய்யும் முறையும் உண்டு. எது யாருக்கு என்பது டாக்டரின் தீர்மானம். முன்பக்க முறை 1950-களில் அமெரிக்காவில் ராபின்சன், ஸ்மித், கிளவர்ட் ஆகிய டாக்டர்கள் வழி செய்து கொடுத்தது. நம் ஊருக்கும் நரம்பு அறுவை சிகிச்சை நேற்று வந்ததல்ல. வேலூரில் 1949-லேயே டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கிவிட்டார். மறு வருஷம் சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் "கை கால் விழுந்துவிடும்" என்கிறவர்களிடம், ஆபரேஷன் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

"கழுத்தைத் திருப்பவே முடியாதாமே?" என்பது அடுத்த பயம். தலையை இடம் வலம் திருப்புவதில் ஏறக்குறையப் பாதி, உச்சியில் உள்ள முதல் இரண்டு எலும்புகளின் வேலை. எனக்கு ஒட்ட வைத்தது ஐந்தாவதையும் ஆறாவதையும். ஒரே ஒரு இணைப்பு என்றால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரிவதில்லை. மூன்று நான்கு இடங்களில் ஒட்டினால் நிச்சயம் தெரியும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். டாக்டர் அந்த எலும்புகளைப் பொருத்தி, நிறுத்தி வைத்து அனுப்புகிறார், அவ்வளவுதான். ஒட்டுகிற வேலை நம் வீட்டில்தான் நடக்கிறது. அதற்கு மூன்று மாதமாவது ஆகும், சிலருக்கு ஒரு வருஷம் வரை. ஆகவே ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்டுவதற்கு முன்னால் வீட்டைத் தயார் செய்ய வேண்டும். எனக்குத் தேதி குறித்ததிலிருந்து பத்து நாள் அவகாசம் இருந்தது. ஒரு நாள் காலையில் அடுக்களையில் நின்றுகொண்டு, குனியாமல், அண்ணாராமல் எதெல்லாம் கைக்கு எட்டுகிறது என்று பார்த்தேன். பருப்பு டப்பாவும் புளிப் பானையும் மேல் தட்டில்! அரிசி டிரம் தரையில்! தினமும் புழங்குவதையெல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டுகளுக்கு இறக்கி வைத்தோம். அரிவாள்மணை பரணுக்குப் போயிற்று, மேஜையில் வைத்து நறுக்கும் பலகையும் கத்தியும் வந்தன. குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வழுக்காத மிதியடியும் போட்டோம். இந்திய முறைக் கழிப்பறை மட்டும் உள்ள வீட்டில், மேலே வைக்கிற கமோடு நாற்காலி வாங்கிவிடுவது சிலாக்கியம்.

பெண்களுக்கென்று சில ஏற்பாடுகள் உண்டு. இவற்றை எந்த டாக்டரும் சொல்ல மாட்டார், அவர் மேல் தப்பில்லை. தலைக்கு மேல் போட்டு இழுக்கிற உடுப்பு கூடாது. முன்பக்கம் திறக்கும் நைட்டியும், தளர்வான முன்கொக்கி ரவிக்கையும் நான்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே தலைக்குக் குளித்து நன்றாகக் காயவைத்து, இரண்டு பக்கமும் இரட்டைப் பின்னலாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஒற்றைப் பின்னலோ கொண்டையோ மல்லாந்து படுக்கும்போது பிடரியில் கட்டி மாதிரி உறுத்தும். தாலி, மூக்குத்தி, வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். நான் முன்கூட்டியே மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போயும், தியேட்டருக்குள் போகும்போது கயிற்றையும் கழற்றத்தான் சொன்னார்கள், கழுத்திலேயே ஆபரேஷன் என்றால் வேறென்ன செய்வது! கணவர் கையில் கொடுத்தேன். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் வரை அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார் மனிதர். மூக்குத்தி பல வருஷமாகக் கழற்றாததாக இருந்தால் கடைசி நேரத்தில் வராது. முந்தின வாரமே தட்டானிடம் போய்விடுங்கள்.

அப்புறம் தண்ணீர் குடிப்பது. நாம் அண்ணாந்து குடித்துப் பழகியவர்கள். அது சில காலத்துக்கு உதவாது. உறிஞ்சு குழல் ஒரு கட்டு வாங்கி வைத்து, இரண்டு நாள் முன்னாலிருந்தே பழகிக்கொண்டேன். மல்லாந்த நிலையிலிருந்து எழுவதையும் பழக வேண்டும். முதலில் கட்டை மாதிரி உடம்பு மொத்தத்தையும் பக்கவாட்டில் திருப்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். தலையைத் தூக்கிக்கொண்டு எழுவது கூடாது.

மருந்து விஷயத்தில் ஒளிவு மறைவு வேண்டாம். ரத்தத்தை இளக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எப்போது நிறுத்துவது என்பதை டாக்டரிடம் கேட்டே செய்ய வேண்டும். நாமாக நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். புகையிலை எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். பீடி சிகரெட் நமக்கு ஏது என்று சொல்லாதீர்கள், வெற்றிலையோடு அடக்கிக்கொள்கிற அந்தத் துண்டும் புகையிலைதான். எலும்பை எங்கிருந்து எடுப்பார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பிலிருந்து எடுத்தால் அந்த இடத்து வலி கழுத்து வலியை மிஞ்சிவிடுவதுண்டு. எனக்கு அப்படி எடுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது கையில் மிச்சமிருந்த இழுப்பு வலியும் இல்லை. தொண்டைதான் ரணமாக இருந்தது. உணவுக் குழலை ஒதுக்கி வேலை செய்ததால் விழுங்கச் சிரமமும் குரல் கம்மலும் பலருக்கு வருகிறது. அநேகமாகச் சில நாட்களில், அல்லது சில வாரங்களில் சரியாகும். தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் ஒரு வலியும் வரும், அதற்கும் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு. கழுத்து வீங்கிக்கொண்டே போவது, மூச்சு முட்டுவது, எச்சில்கூட விழுங்க முடியாதது, கை காலில் புதிதாகப் பலம் குறைவது, காய்ச்சல், காயத்தில் சீழ் ஆகிய எதுவானாலும் உடனே சொல்ல வேண்டும். அதிலும் மூச்சு முட்டினால் "விடியட்டும்" என்று ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். கஞ்சிக்கு இதுதான் இடம். ஒரு பங்கு பச்சரிசி நொய்யும் கால் பங்கு பாசிப்பருப்பும் சேர்த்து வறுத்து, எட்டுப் பங்கு தண்ணீரில் குழைய வேகவைத்து, மத்தால் மசித்து, உப்பும் மோரும் விட்டு வெதுவெதுப்பாகக் குடித்தேன். பாலில் ஊறிய இட்லி, குழைத்த ரசம் சாதம், கேழ்வரகுக் கூழ் எல்லாம் இறங்கின. ரசத்தில் மிளகைக் குறையுங்கள், தொண்டை எரியும். முறுக்கு, சப்பாத்தி பக்கம் மூன்று வாரம் போகவில்லை. பெரிய மாத்திரைகளைப் பொடித்துத் தரலாமா என்று கேட்டுக்கொண்டுதான் பொடிக்க வேண்டும், சிலவற்றைப் பொடிக்கக் கூடாது.

உண்மையான சோதனை இரண்டாவது வாரத்தில் வந்தது. வலி குறைந்துவிட்டது, நடக்கிறேன், பேசுகிறேன். பார்க்கிறவர்களுக்கு நான் நோயாளியாகவே தெரியவில்லை. "நல்லாத்தானே இருக்கே, ஒரு தாளிதம் பண்ணக் கூடாதா?" என்று ஒரு மாமியார் கேட்டால் அவர் மேல் கோபித்துக்கொள்ள முடியாது. எங்கள் வீட்டில் என் அத்தை கேட்கவில்லை, என் மனசுதான் கேட்டது. இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது எனக்கு டாக்டர் போட்ட கட்டளை. இரண்டு கிலோ என்றால் நான்கு அரை லிட்டர் பால் பாக்கெட்டுகள். ஒரு குடம் தண்ணீர் பதினைந்து கிலோ இருக்கும். கிரைண்டர் கல், ஈரத் துணி வாளி, பேரக் குழந்தை எதையும் தொடக்கூடாது. ஒருநாள் பேரன் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். என் தங்கை குறுக்கே வந்து அள்ளிக்கொண்டு, "அக்கா, நீ உட்காரு. அவனை உன் மடியில விடறேன்" என்றாள். உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது என்று அவள் சொல்லித்தான் எனக்குப் பட்டது.

அதனால்தான் சொல்கிறேன். யார் தண்ணீர் பிடிப்பது, யார் மாவு அரைப்பது, யார் துணி உலர்த்துவது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். "எல்லாரும் பார்த்துக்குவோம்" என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும். வேலைக்கு ஆகாது. என் வீட்டுக்காரர் சாதம் வடிக்கவும் ரசம் வைக்கவும் கற்றுக்கொண்டது அப்போதுதான். ரசத்தில் இன்றைக்கும் புளி தூக்கல்தான், போகட்டும்.

எண்ணெய் தேய்த்து நீவிவிட வருகிறவர்களை வாசலிலேயே நன்றி சொல்லி அனுப்புங்கள். காயம் ஆறும் வரை அங்கே எண்ணெய் கூடாது, கழுத்தை யாரும் பிடிக்கவே கூடாது. குனிந்து நெடுநேரம் செல்போன் பார்ப்பதும் கூடாது. நடைதான் முதல் மருந்து. நான் முற்றத்தில் பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து, ஆறாவது வாரத்தில் கோயில் வரை போனேன். பிசியோதெரபி டாக்டர் சொன்ன பிறகுதான். கோலத்துக்கு நான்கு மாதம் விடுமுறை. எக்ஸ்ரே ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் எடுத்தார்கள். ஆறாவது மாதப் படத்தில்தான், இரண்டு எலும்புக்கும் நடுவே பாலம் விழுந்துவிட்டதைக் காட்டினார் டாக்டர்.

இப்போது எப்படி என்கிறீர்களா? நடை சரியாகிவிட்டது. கொக்கி மாட்டுகிறேன். பூத் தொடுக்கிறேன், முன்பு ஒரு முழம் தொடுத்த நேரத்தில் இப்போது அரை முழம்தான் வருகிறது. கட்டைவிரல் நுனியில் மரமரப்பு அப்படியே இருக்கிறது. அது இனிப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சூடான பாத்திரத்தை இடது கையால் தொட்டுப் பார்த்துத்தான் இறக்குகிறேன்.

கழுத்துப் பட்டை பற்றி ஒரு வார்த்தை. சில டாக்டர்கள் ஆறு வாரம் போடச் சொல்கிறார்கள், சிலர் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். எத்தனை இடத்தில் ஒட்டினார்கள், தகடு உண்டா என்பதைப் பொறுத்தது அது. நான் நான்கு வாரம் போட்டேன். உள்ளே மெல்லிய பருத்தித் துணி சுற்றிக்கொண்டால் வியர்வைக்கு உறுத்தாது. பட்டையைத் துவைத்து பீரோவில் வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு அம்மா தன் கழுத்து வலிக்கு அதைக் கடன் கேட்டார்கள். கொடுக்கவில்லை. டாக்டர் பார்த்து, அளவு எடுத்துப் போட வேண்டிய சாமான் அது.