எங்களையும் மலையேற விடுங்கள்

நம் சங்க அன்பர்களில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்போர் பலர். சியாட்டில் பக்கம் மகனோ மகளோ இருந்துவிட்டால், கோடையில் பெற்றோரை அலாஸ்காவுக்குக் கப்பலில் அழைத்துப் போவது இப்போது வழக்கமாகி விட்டது. தொம்மலூரில் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டார் போய் வந்தார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் கப்பல் சாப்பாட்டைப் பற்றியே சொல்கிறார்கள். கரையில் நின்ற நாளில்? "பிள்ளைகள் மலை ஏறப் போனார்கள், எங்களைக் கப்பலிலேயே இருக்கச் சொல்லி விட்டார்கள்." இது சரியல்ல என்பது என் கருத்து.

கப்பல்கள் நிற்கும் ஸ்காக்வே துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிற்றூர். 1897-98இல் கிளாண்டைக் தங்கத்தைத் தேடிப் போனவர்கள் இறங்கிய இடங்களில் ஒன்று. ஓராண்டுக்கான உணவும் பொருளும், ஏறக்குறைய ஒரு டன், கொண்டு வராதவனைக் கனடா காவலர்கள் எல்லையில் விடவில்லை. அதை மூட்டை மூட்டையாகச் சுமந்து பல முறை மலை ஏறி இறங்கினார்கள். ஒயிட் பாஸ் வழியில் மாண்ட குதிரைகளே சுமார் 3,000 என்பார்கள்.

பிறகுதான் ரயில் வந்தது. 1898இல் தொடங்கி 1900 ஜூலையில் 110 மைலை முடித்தார்கள். மூன்றடி அகலப் பாதை. முதல் 20 மைலில் ஏறக்குறைய 2,900 அடி ஏறுகிறது. கடுமையான இடத்தில் நூறடிக்கு 3.9 அடி. நமது நீலகிரி ரயில் குன்னூரை எட்டியதும் அதே காலத்தில், 1899இல். அங்கே பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏற்றம். ஆகவே பல்சக்கரம் தேவைப்பட்டது. ஸ்காக்வேயில் தண்டவாளத்தில் சக்கரம் பிடிக்கும் பிடியே போதும்.

ரயில்வேக்காரன் நான் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் அந்த ஏற்றத்தை ரயிலில் உட்கார்ந்து அறிய முடியாது. ஊருக்குப் பின்னால் தண்டவாளத்தைத் தாண்டினால் லோயர் டூயி ஏரிக்குக் காட்டுப்பாதை. ஒரு மைல்கூட இல்லை. ஏற்றம் சுமார் 500 அடி, அதாவது ஐம்பது மாடி. பிடிவாதம் பிடித்து நானும் போனேன். தண்ணீர் பாட்டில் ஒன்றைச் சுமந்தே பத்து இடத்தில் நின்றேன். அந்த ஒரு டன் அப்போதுதான் விளங்கிற்று. நாலாவது முறை நின்றபோது பேரனுக்கும் மூச்சு வாங்கியதைக் கவனித்தேன்!

நிற்க. பிள்ளைகளின் பயத்திலும் நியாயம் உண்டு. முழங்கால், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. பாதையில் மரவேர்கள் குறுக்கிடும், மழையில் வழுக்கும். தாமாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. கப்பல் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே திரும்ப வேண்டும். கரடி வராமலிருக்கச் சத்தமாகப் பேசிக்கொண்டே நடக்கச் சொல்கிறார்கள். நம்மவர் நால்வர் சேர்ந்தால் அதற்குத் தனி முயற்சி வேண்டாம்.

பயிற்சிக்கு நந்தி மலை இருக்கிறது. காரில் அல்ல, சுல்தான்பேட்டைப் படிக்கட்டு வழியாக, இரண்டு மாதம் முன்பே தொடங்கி மெதுவாக. இன்னொன்று: சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவிலும் நிற்பதால், இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசாவும் தேவைப்படும். அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போதே, நல்ல பிடிப்புள்ள காலணி ஒரு ஜோடிக்கும் சொல்லி வையுங்கள்.